ரெஃபர்டு என்று எழுதிய பிறகு

மாதக் கடைசியில் அறிக்கைத் தாளை நிரப்பி அனுப்புவது ஆறு வருடங்கள் என் பொறுப்பில் இருந்தது. பிரசவம் எத்தனை, சிசேரியன் எத்தனை, எடை குறைந்த குழந்தை எத்தனை என்று கட்டம் கட்டமாகப் போகும் தாள். அதில் கீழிருந்து மூன்றாவது கட்டம் தாய் மரணம். ஒரு மாதம் தவறாமல் அங்கே நான் எழுதியது 0. எழுதும்போது பேனாவைக் கொஞ்சம் அழுத்தியே சுழிப்பேன். கேரளத்தில், குமுளியிலிருந்து மலைக்குள் போகும் பாதையில், தேயிலைக்கும் ஏலத்துக்கும் நடுவே, ஒரே ஒரு மகப்பேறு டாக்டரையும் வாரத்துக்கு இரண்டு நாள் வரும் மயக்க டாக்டரையும் வைத்துக்கொண்டு, ரத்த வங்கி இல்லாத ஒரு கட்டடத்தில் அந்த 0-வைக் காப்பாற்றி வருவது எங்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. கூட்டங்களில் எங்கள் பெயரைச் சொல்லிப் பாராட்டுவார்கள். ஒருமுறை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள்.

அந்த ஆஸ்பத்திரியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அரசாங்கத்துடையதா, தனியாரா, மிஷனா என்பதும் வேண்டாம். அங்கே இருந்தவர்கள் நல்லவர்கள். அடைமழையில் கரண்ட் போய், ஒருவர் டார்ச் பிடிக்க இன்னொருவர் தையல் போட்ட ராத்திரிகளை நானே பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவர்கள் சேர்ந்து எழுதிய ஒரு எண் எப்படி ஒன்றுமே சொல்லாத எண்ணாக இருந்தது என்பதுதான் என்னை இத்தனை வருடமாகக் குடைகிறது.

நாலு டிகிரி

முதலில் ஃபிரிட்ஜைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு ஆக்ஸிடோசின் ஊசி போட வேண்டும், 10 யூனிட். கர்ப்பப்பை சுருங்கி ரத்தம் நிற்பதற்கு. அந்த மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். சூடு பட்டால் அதன் வீரியம் குறையும். வெளியிலிருந்து பார்த்தால் குப்பி எப்போதும்போலத்தான் இருக்கும். அதனால் லேபர் ரூம் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருப்போம். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஜூன், ஜூலையில் மரம் சாய்ந்து ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் கரண்ட் இல்லாமல் போவது மலையில் வழக்கம். ஜெனரேட்டர் தியேட்டருக்கும் லேபர் ரூம் விளக்குக்கும்தான் காணும். ஆனால் எங்கள் ஜூன் மாதத் தாளை எடுத்துப் பாருங்கள்: 4, 4, 4, 5, 4, 4. ஒரே நீல மை, ஒரே சாய்வு. பாதி என் கையெழுத்து. மாதக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பியது.

அதற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு 2013 முதல் தேசிய தர உறுதித் தரநிலைகள் இருக்கின்றன. ஒவ்வொரு அம்சத்துக்கும் 0, 1, 2 என்று மார்க். நேரில் பார்ப்பது, ஊழியரைக் கேட்பது, நோயாளியைக் கேட்பது, பதிவேட்டைப் பார்ப்பது என்று நான்கு வழியில் சோதிப்பார்கள். 70 சதவீதம் எடுத்தால் சான்றிதழ். எங்கள் கையில் இருந்த சரிபார்ப்புப் பட்டியலும் அதே வம்சம்தான். பட்டியல்களை நான் பழிக்க மாட்டேன். அவை வந்த பிறகுதான் எங்கள் ஆஸ்பத்திரியில் கழிவுக்கு நிறம் பிரித்த வாளிகள் வந்தன, பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வந்தது. தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்குப் போன கர்ப்பிணிக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் பதிவேட்டைப் பார்த்துப் போடும் மார்க் இருக்கிறதே, அது எங்களுக்கு வேறு ஒரு பாடத்தைச் சொல்லிக் கொடுத்தது. தாள் காலியாக இருந்தால் 0. தாளில் 11 என்று இருந்தால் ஆயிரம் கேள்வி. 4 என்று இருந்தால் 2 மார்க். இதைப் புரிந்துகொள்ள ஒரு நர்ஸுக்கு ஒரு வாரம்கூட ஆகாது.

கம்பளி

ஒரு நவம்பர் மாத மத்தியானம். ஓ.பி. முடிந்து வராந்தா காலியாகக் கிடந்தது. துணிக்கடை மஞ்சள் பையோடு ஒருவர் வந்து நின்றார். முப்பத்தைந்து வயது இருக்கும், எஸ்டேட் ஆள் என்று பார்த்ததுமே தெரிந்தது. நானும் லயத்தில், எஸ்டேட் வரிசை வீட்டில் பிறந்தவள்தான். அந்த நிற்பு எனக்குத் தெரியும், வாசலைத் தாண்டலாமா கூடாதா என்று யோசிக்கிற நிற்பு.

“சிஸ்டர், இது உங்க ஆஸ்பத்திரி கம்பளி” என்றார். பையிலிருந்து எடுத்தார். சாம்பல் நிறக் கம்பளி, நாலாக மடித்து, மூலையில் எங்கள் முத்திரை மை தெரியும்படி. நன்றாகத் துவைத்திருந்தார்கள். நடுவில் ஒரு பெரிய வட்டம் மட்டும் மற்ற இடத்தைவிடக் கருத்து இருந்தது. “அன்னிக்கு ஆம்புலன்ஸ்ல போத்தி விட்டது. திருப்பிக் குடுத்துரணும்னு அவ அம்மா சொல்லிக்கிட்டே இருந்தாங்க. எனக்குத்தான் லீவு கெடைக்கல. உங்க கணக்குல குறையுமில்ல.”

எனக்கு ஆள் பிடிபடவில்லை. “யாருக்குப் போத்துனதுண்ணே?” என்றேன். ஆகஸ்ட் மாதம் என்றார். ராத்திரி, மூன்றாவது பிரசவம், பெண் குழந்தை. ஞாபகம் வந்துவிட்டது. அன்று ட்யூட்டியில் நான்தான் இருந்தேன். பிரசவம் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து உதிரம் நிற்கவில்லை என்று டாக்டர் தேனிப் பக்கம் அனுப்பச் சொன்னார். கோட்டயம் மெடிக்கல் காலேஜ் மூன்று மணி நேரத்துக்கு மேல். மலை இறங்கினால் தேனிக்கு இரண்டு மணிக்குள் போய்விடலாம். எங்கள் பக்கத்துத் தமிழ் ஜனங்களுக்கு அதுதான் பழக்கம், அங்கேதான் சொந்தபந்தமும்.

ஆள் யாரென்று தெரிந்த சந்தோஷத்தில், சிரித்த முகத்தோடு கேட்டேன்: “நல்லாருக்காங்களா?”

அவர் என்னையே பார்த்தார். “ஒங்களுக்குத் தெரியாதா சிஸ்டர்?”

பிறகு அவர் சொன்னது நீளமில்லை. “லோயர் கேம்ப் எறங்குற வரைக்கும் பேசிக்கிட்டுத்தான் வந்தா. கம்பத்துல தண்ணி கேட்டா. உத்தமபாளையம் தாண்டுனப்போ குளுருதுன்னா, இந்தக் கம்பளிய இழுத்து விட்டேன். சின்னமனூர்ல கையப் பிடிச்சுப் பாத்தா சில்லுன்னு இருக்கு. அங்க போய் எறக்குனதும் பாத்துட்டு, வழியிலயே முடிஞ்சிருச்சுன்னாங்க.” குழந்தை நன்றாக இருக்கிறது, அவள் அம்மாவிடம் வளர்கிறது என்றார். கம்பளியை மேசையில் வைத்தார். கையெழுத்து ஏதாவது போடணுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். போய்விட்டார்.

கம்பளியை வாங்கியதை எழுத லினன் ரிஜிஸ்டரைத் திறந்தேன். ஆகஸ்ட் மாத இருப்பு: கம்பளி, ஒன்று குறைவு. செப்டம்பர்: ஒன்று குறைவு. அக்டோபர்: ஒன்று குறைவு. மூன்று மாதமும் எழுதியிருக்கிறோம், மேட்ரன் கையெழுத்தோடு. அதே ஆகஸ்ட் மாத அறிக்கையின் நகலையும் எடுத்துப் பார்த்தேன். தாய் மரணம்: 0.

350 மில்லி

அன்று சாயங்காலம் அவள் கேஸ் ஷீட்டைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்துதான். ரத்தப்போக்கு 350 மில்லி. அனுப்பும்போது நாடித்துடிப்பு 116, பிரஷர் 100/70. நிலை: ஸ்டேபிள். டிஸ்சார்ஜ் ரிஜிஸ்டரில் முடிவு என்ற இடத்தில்: ரெஃபர்டு, அதாவது வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாயிற்று.

350 மில்லியை நான் எதிலும் பிடித்து அளக்கவில்லை. கண்ணால் பார்த்துப் போட்டது. அந்த அலமாரியில் இருந்த மற்ற ஷீட்டுகளையும் புரட்டினேன். 300, 350, 250, 300, 350, 300. நான் எழுதியது, மற்றவர்கள் எழுதியது, எல்லாம் ஒரே மாதிரி. 500-ஐத் தாண்டினால் அதிக ரத்தப்போக்கு என்று பெயர். பெயர் வந்தால் தனிப் படிவம், தனி விளக்கம். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, ஆனாலும் எல்லோருடைய கண்ணும் 500-க்கு முன்னாலேயே நின்றுவிட்டது. பெலகாவியில், நமக்குப் பக்கத்து மாநிலத்தில்தான், 2006-ல் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பிரசவித்தவளுக்கு அடியில் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து ரத்தத்தை அதில் பிடித்து அளந்தார்கள். கண்ணளவு, உண்மையான அளவைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாகச் சொன்னது. கம்பளியில் இருந்த அந்தக் கருப்பு வட்டத்தை நினைத்துப் பார்த்தால், என் கண் அதைவிடவும் குறைத்துச் சொல்லியிருக்கிறது.

நாடித்துடிப்பை மேல் பிரஷரால் வகுக்க வேண்டும் என்பதை நான் அதற்குப் பிறகுதான் கற்றேன். ஷாக் இண்டெக்ஸ் என்பார்கள். பிரசவித்தவளுக்கு அது 0.9-ஐத் தாண்டினால் ஆபத்து ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். 116-ஐ 100-ஆல் வகுத்தால் 1.16. ஸ்டேபிள் என்று எழுதிய அதே வரியில், அதே பேனாவால், அவள் சாகப் போகிறாள் என்பதையும் நான் எழுதியிருக்கிறேன். இரண்டு எண்ணையும் சரியாகத்தான் அளந்தேன். அளந்ததை யாரும் பார்க்கவில்லை. எழுதிய நானும் பார்க்கவில்லை. எழுதுவதே வேலை என்றிருந்தது.

ஊசி வேலை செய்ததா? தெரியாது. அன்றைக்கு மத்தியானம் முதல் கரண்ட் இல்லை என்பது நினைவிருக்கிறது. தாளைப் பார்த்தேன். 4 என்று இருந்தது.

அத்தை, இது கணக்கே இல்லை

என் அண்ணன் மகள் கம்பத்தில் இருக்கிறாள், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படித்தவள். கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தபோது அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். அவள் கேட்டது ஒரே கேள்வி: “வருஷத்துக்கு எத்தனை பிரசவம் அத்தை?” ஏறக்குறைய 300 என்றேன்.

ஒரு பில்லின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினாள். 300 பிரசவத்தில் ஒரு சாவும் இல்லை என்றால், உண்மையான விகிதம் 300-க்கு 3 வரைக்கும்கூட இருக்கலாம். மூன்றின் விதி என்று அதற்குப் பெயராம். 300-க்கு 3 என்றால் நூற்றுக்கு ஒன்று, லட்சத்துக்கு 1,000. இந்தியாவின் தாய் மரண விகிதம் 2018-20 கணக்கெடுப்பில் லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 97. அதைப்போலப் பத்து மடங்கு மோசமான ஆஸ்பத்திரிகூட அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு வருடம் 0 எழுத முடியும். “ஆறு வருஷத்தையும் சேத்தாலும் 1,800 பிரசவம்தான். 600-க்கு ஒண்ணு வரைக்கும் இடம் இருக்கு. அதுவே 97-ஐ விட மோசம்.” அப்புறம் திருப்பிப் போட்டாள். அதே கணக்கெடுப்பில் கேரளத்துக்கு 19. எங்கள் ஆஸ்பத்திரி அந்தச் சராசரியில் இருந்தாலே, சராசரியாகப் பதினேழு வருடத்துக்கு ஒரு மரணம்தான் வரும். “நீங்க நல்லாப் பாத்தாலும் 0, சுமாராப் பாத்தாலும் 0. இதை வெச்சு ஒங்க வேலையச் சொல்ல முடியாது அத்தை. இது கணக்கே இல்லை.”

அந்த 0-வும் உண்மையான 0 இல்லை. தாங்க முடியாத கேஸை எல்லாம் மலை இறக்கி அனுப்பியபின் மிச்சமிருந்தவர்களின் கணக்கு அது. அனுப்பியது தப்பு என்று சொல்லவில்லை. ரத்தமே இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டிருப்பதுதான் பாவம். ஆனால் எப்போது அனுப்பினோம், எந்த நிலையில் அனுப்பினோம், போய்ச் சேர்ந்தாளா என்பதில்தான் எங்கள் வேலையின் தரம் முழுக்க இருக்கிறது. அந்த இடத்தில்தான் எங்கள் பதிவேடு முடிகிறது. கேரளத்தில் மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு 2004 முதல் ஒவ்வொரு தாய் மரணத்தையும் பெயர் வெளியிடாமல், யாரையும் குற்றவாளி ஆக்காமல் ஆய்வு செய்கிறது. தமிழ்நாட்டிலும் தாய் மரணத் தணிக்கை பல வருடமாக நடக்கிறது. இந்த விஷயத்தில் இரண்டும் நல்ல மாநிலங்கள். அவளுடைய சாவும் ஏதோ ஒரு தாளில் ஏறியிருக்கும். எங்கள் லேபர் ரூமுக்கு அந்தத் தாள் வரவில்லை. எங்களுக்குத் தகவலாக வந்தது ஒரு கம்பளி.

பிறகு ஒரு பயிற்சி வகுப்பில் எர்னஸ்ட் காட்மன் என்ற டாக்டரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து சர்ஜன், நூறு வருடத்துக்கு முந்தைய ஆள். தான் ஆபரேஷன் செய்த ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை வைத்திருந்து, ஒரு வருடம் கழித்து என்ன ஆனார்கள் என்று விசாரித்து எழுதினார். சரியாகவில்லை என்றால் ஏன் என்றும் எழுதினார். அவர் வேலை பார்த்த பெரிய ஆஸ்பத்திரி இதை ஏற்கவில்லை. தனியாக ஒரு சின்ன ஆஸ்பத்திரி நடத்தினார். 1911 முதல் 1916 வரை அங்கிருந்து வீடு திரும்பியவர்கள் 337 பேர். அவர்களுக்குச் செய்த சிகிச்சையில் 123 தவறுகள் நடந்தன என்று அவரே கணக்கெடுத்து அச்சிட்டார். 1940-ல் இறந்தபோது அவர் கல்லறையில் ஒரு பெயர்க்கல்கூட இல்லை, 2014-ல்தான் வைத்தார்கள். 123 என்று எழுதிய அந்தக் கையை நான் நினைத்துக்கொள்வேன். எங்கள் மலையில் ஆறு வருடத்தில் நாங்கள் எழுதிய தவறு எத்தனை?

நோட்டு

ஜனவரியில் குமுளியில் ஒரு நீள நோட்டு வாங்கினேன். பெயர், என்ன காரணத்துக்கு அனுப்பினோம், கிளம்பிய நேரம், போய்ச் சேர்ந்த நேரம், ஏழாம் நாள், முப்பதாம் நாள். இரண்டு போன் நம்பர். டாக்டர் முதலில் தயங்கினார். “வேண்டாத வம்பாயிரும் சிஸ்டர். யாராவது கேஸ் போட்டா?” என்றார். அவர் பயம் நியாயமானதுதான். கம்பளியை எடுத்துக் காட்டினேன். பிரித்துப் பார்த்தார். “சரி, செய்யுங்க” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

எஸ்டேட் ஜனங்களைக் காலையில் கூப்பிட்டால் கிடைக்காது. சாயங்காலம் கொழுந்து எடை போட்டு முடிந்து, லயத்துக்குத் திரும்பி, ரேஞ்ச் கிடைக்கிற பாறைக்கோ திண்ணைக்கோ வந்த பிறகுதான் போன் எடுப்பார்கள். ஐந்தரைக்கு மேல் நோட்டோடு உட்காருவேன். ஒரு தாத்தா எடுத்ததுமே, “எவ்வளவு பாக்கி சிஸ்டர்?” என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து போன் என்றால் காசுக்குத்தான் என்று நினைத்துவிட்டார். எப்படி இருக்கீங்க என்று கேட்கத்தான் கூப்பிட்டேன் என்றதும், போனைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்குள் திரும்பி எல்லோரிடமும் சொன்னார்: “எப்படி இருக்கீங்கன்னு கேக்குறாங்க.”

அந்த நோட்டு சொன்ன விஷயங்களை எந்தப் பட்டியலும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஒரு பிள்ளையை அனுப்பியபோது ஆக்ஸிஜன் சிலிண்டர் மலை இறங்கியதும் வரும் கூடலூரிலேயே தீர்ந்துவிட்டது. முள் எங்கே நிற்கிறது என்று புறப்படும் முன் யாரும் பார்க்கவில்லை. நாங்கள் எழுதிக் கொடுத்த ரெஃபரல் கடிதத்தில் பாதி சுருக்கெழுத்து, அங்கே இருந்தவர்களுக்குப் புரியாமல் முதலிலிருந்து எல்லா டெஸ்டும் எடுத்திருக்கிறார்கள். ஊசி போட்ட நேரத்தை எழுதாததால் அதே ஊசியை மறுபடி போடலாமா என்று தயங்கியிருக்கிறார்கள். இதெல்லாம் பணம் இல்லாததால் வந்த குறை இல்லை. 2018-ல் லான்செட் இதழின் உலக ஆணையம் ஒன்று மதிப்பிட்டது: வைத்தியம் கிடைத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய நோய்களில், இந்தியாவில் ஆஸ்பத்திரிக்கே வராமல் இறந்தவர்கள் ஒரு வருடத்தில் 8 லட்சத்துக்கு மேல், வந்தும் தரமில்லாத சிகிச்சையால் இறந்தவர்கள் 16 லட்சம். இந்த இரண்டாவது எண்ணைப் படிக்கும்போது எனக்கு லட்சம் தெரியவில்லை. கூடலூரில் தீர்ந்த சிலிண்டர்தான் தெரிந்தது.

நோயாளி திருப்திப் படிவம் என்று ஒன்று உண்டு. எங்களுடையது மலையாளத்தில் அச்சிட்டது. லயத்து மக்கள் தமிழ் படித்தவர்கள், அதுவும் பலர் படிக்காதவர்கள். அதனால் டிஸ்சார்ஜ் நாளில் நாங்களே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு நிரப்புவோம். எல்லோருக்கும் மிக நன்று. நோட்டு ஆரம்பித்த பிறகு ஒரு பாட்டியிடம் போனில் கேட்டேன், இங்கே இருந்தப்போ என்ன குறை இருந்துச்சு என்று. “ராத்திரியெல்லாம் வலின்னு கத்துனேன், ஒரு பிள்ள வந்து என்னான்னு கேக்கல” என்றார். இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே பாட்டி, படிவத்தில் எழுதியிருப்போமே என்றேன். “ஏந்தாயி, நீயே பேனாவ வெச்சுக்கிட்டு ஒக்காந்திருக்க. நாளப்பின்ன நான் ஒங்கிட்டத்தானே வரணும்?”

தராசு

ரத்தத்தை அளப்பது பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் 120 பிரசவ மையங்களில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2017-ல் வெளிவந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பான பிரசவப் பட்டியலைக் கொடுத்து, பக்கத்தில் ஆள் வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒன்றரை லட்சத்துக்கு மேல் பிரசவங்கள். நர்ஸுகள் செய்ய வேண்டியதைச் செய்வது நன்றாகவே கூடியது. தாய் சேய் மரணம் குறையவில்லை. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சரியாகச் செய்தோம் என்று டிக் அடிப்பதற்கும் ஒருத்தி பிழைப்பதற்கும் நடுவில் இவ்வளவு தூரமா?

பிறகு 2023-ல் ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில், 80 ஆஸ்பத்திரிகளில் நடந்த இன்னொரு ஆய்வு வந்தது. பெலகாவியில் விரித்தது போன்ற, கோடு போட்ட பைதான். ஆனால் பையோடு நிறுத்தவில்லை. கோட்டைத் தொட்டதும் கர்ப்பப்பையை மசாஜ் செய்வது, ஆக்ஸிடோசின், ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட், டிரிப், எங்கிருந்து ரத்தம் வருகிறது என்று பரிசோதிப்பது என எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்காமல் ஒரே மூச்சில் செய்ய வேண்டும். கடுமையான ரத்தப்போக்கு, அதனால் வரும் ஆபரேஷன், அதனால் வரும் சாவு எல்லாம் சேர்த்து 60 சதவீதம் குறைந்தது. அந்தப் பையில் இருக்கும் கோடு மேலிடத்துக்கு அனுப்புவதற்கான எண் இல்லை. அந்த நிமிடம் அங்கே நிற்கிற நர்ஸின் கையை அசைக்கிற எண்.

பை எங்களுக்குக் கிடைக்கவில்லை. தராசு கிடைத்தது. குமுளிக் கடையில் வாங்கிய சமையல் தராசு. ரத்தத்தில் ஒரு கிராம் ஏறக்குறைய ஒரு மில்லி. நனைந்த பஞ்சையும் துணியையும் நிறுத்து, காய்ந்த எடையைக் கழித்தால் போதும். முதல் ராத்திரி அதைச் செய்தபோது எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. எடைக்களத்தில் கூடையின் எடையைக் கழிப்பார்கள், மழை நாளில் ஈரத்துக்கும் கழிப்பார்கள். அம்மா கூடையைத் தோளிலிருந்து இறக்கும்போதே இன்றைக்கு இத்தனை கிலோ என்று சொல்வாள். தராசு குறைவாகக் காட்டினால் மறுபடி வை என்பாள். அந்த எண் அவள் கூலி, எங்கள் சோறு. அதில் கண்ணளவுக்கு அவள் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

தராசு வந்த முதல் மாதம், அதிக ரத்தப்போக்கு என்ற கட்டத்தில் நாங்கள் 4 என்று எழுதினோம். அதற்கு முன் அது 0 அல்லது 1. மேலேயிருந்து போன் வந்தது. “என்னாச்சு உங்க ஆஸ்பத்திரிக்கு? திடீர்னு இப்படி மோசமாயிருச்சே?” நிறுக்க ஆரம்பித்திருக்கிறோம் சார் என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. விளக்கம் எழுதி அனுப்பச் சொன்னார். எழுதி அனுப்பினோம், நாலு பேருடைய கிராம் கணக்கையும் சேர்த்து. நாலு பேரும் உயிரோடு வீட்டுக்குப் போனார்கள். ஒருத்தியை மலை இறக்கி அனுப்பினோம். பிரசவம் முடிந்த இருபதாவது நிமிடமே, கையில் இரண்டு டிரிப்போடு, ஊசி போட்ட நேரம் எழுதிய கடிதத்தோடு. ஏழாம் நாள் போனில் அவளே பேசினாள். நோட்டில் அந்த வரி இன்னும் இருக்கிறது.

போன ஜூனில் அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். இப்போது நான் வேறு இடத்தில் வேலை பார்க்கிறேன். நோட்டை ஒரு சின்னப் பெண் பார்த்துக்கொள்கிறாள். கோட்டயம் பக்கத்துப் பிள்ளை, தமிழ் தட்டுத்தடுமாறிப் பேசும். லேபர் ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஃபிரிட்ஜ் கதவுத் தாளில் 17-ம் தேதிக்கு நேராக 11 என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. பக்கத்தில், மாலை 6.40, கரண்ட் இல்லை, மருந்தை ஐஸ் பெட்டிக்கு மாற்றினோம் என்று. அதற்கும் பக்கத்தில், சோதிக்க வந்தவர் பென்சிலால் போட்ட ஒரு பெருக்கல் குறி.

“சேச்சி, மார்க் போயி. வேற தாள்ல மாத்தி எழுதட்டே?” என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன். நான் போயிருந்த நாளின் காலைக் கட்டத்தில் 5 என்று இருந்தது. கதவைத் திறந்து தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தேன். 5 தான்.